மோஷன் சென்சார் வாங்கும் முன் ஃபேனைப் பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சின்ன வீடுகளில் ஆள் அசைந்தால் தானே லைட் போடும் மோஷன் சென்சார் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, வெயிலையும் சீலிங் ஃபேனையும்.

சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் (PIR) சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மே மாத மதியம், மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறை 35 டிகிரியைத் தாண்டினால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஆள் நடந்தாலும் லைட் எரியாமல் போகலாம். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாடிப்படிக்கும் பாத்ரூமுக்கும் பிஐஆரே போதும். சுமார் 2 மீட்டர் உயரத்தில், ஆள் குறுக்கே கடக்கும்படி மாட்டுங்கள். நேர் எதிரே நடந்து வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும்.

அசையாமல் உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு, ரேடியோ அலை அனுப்பி அசைவைப் பார்க்கும் எம்எம்வேவ் (mmWave) ரேடார் சென்சார். மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதையே பிடிக்கும். ஓடும் ஃபேனையும் ஆள் என்று எண்ணிவிடும், அதுதான் தலைவலி. ஃபேன் பக்கம் திருப்பாமல் சுவரில் மாட்டி, மொபைல் ஆப்பில் அது பார்க்கும் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். பிளைவுட் தடுப்பையும் ஊடுருவும்: அடுத்த அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இங்கே லைட் எரியும். பெரும்பாலானவற்றுக்கு 5 வோல்ட் அடாப்டர் வேண்டும், பிளக் பாயின்ட்டைப் பார்த்து இடம் குறியுங்கள்.

பேட்டரியில் ஓடும் சென்சார் என்றால், காசிமேடு ஓரம் உப்புக்காற்றில் பேட்டரி தொடும் தகடு அரிக்கும். அவ்வப்போது பேட்டரியைக் கழற்றி, தகட்டைக் காய்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்.