சாவியை அணைத்தால் சாக்கெட்டும் அணைய வேண்டும்

மோட்டார் சைக்கிளில் ஒரு சார்ஜிங் சாக்கெட் பொருத்துவது அரைமணி நேர வேலை என்று நம்பித்தான் முதல்முறை நானே கருவிகளோடு உட்கார்ந்தேன். சொன்னபடி அரைமணி நேரத்தில் முடிந்தும் விட்டது. ஹேண்டில்பாரில் ஒரு யூஎஸ்பி சாக்கெட், அதிலிருந்து இரண்டு வயர்கள், அவை நேராகப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு. நாள் முழுக்க வரைபடத்தைத் திறந்து வைத்து ஓட்டியும் கைப்பேசி அணையவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. அதன்பின் பன்னிரண்டு நாட்கள் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்துவிட்டு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியபோது, சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஓர் ஒலி மட்டும் வந்தது.

குற்றவாளி அந்தச் சாக்கெட்டில் எரிந்துகொண்டிருந்த சிறிய நீல விளக்கும், அதன் பின்னால் விழித்துக்கொண்டே இருந்த மின்சுற்றும்தான். யூஎஸ்பி சாக்கெட் என்பது வெறும் துளை அன்று. பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு சிறு மாற்றி அதற்குள் இருக்கிறது, கைப்பேசி செருகப்படாத நேரத்திலும் அது கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். பேட்டரியை மீண்டும் ஏற்றிய பிறகு, அதன் எதிர்முனை வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தேன், 18 காட்டியது. (இப்படி அளக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது; மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும்.) 18 மில்லி ஆம்பியர் பார்வைக்கு ஒன்றுமில்லாததுதான். ஆனால் 24 மணி நேரத்தில் அது 0.43 ஆம்பியர்-மணி ஆகிறது, பன்னிரண்டு நாட்களில் 5 ஆம்பியர்-மணியைத் தாண்டிவிடுகிறது, என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான். ஈய அமிலப் பேட்டரி ஒருமுறை அடிவரை வற்றி அப்படியே கிடந்தால் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும் என்பதால், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அதற்குப் பழைய தெம்பு திரும்பவில்லை.

இரண்டாவது முறை வேறு இடத்திலிருந்து தொடங்கினேன்: வண்டியால் எவ்வளவு தர முடியும், நான் எவ்வளவு கேட்கப்போகிறேன் என்ற கணக்கிலிருந்து. வேகமாகச் சார்ஜ் ஆகும் ஒரு கைப்பேசி 18 வாட் கேட்டால், மாற்றியில் வீணாவதையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் போகும். இது எந்த வண்டிக்கும் சுமையில்லை. டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் 10 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். குளிருக்கு அணியும் மின்வெப்ப ஜாக்கெட் 70 வாட்டோ அதற்கு மேலோ கேட்கும். பெரிய பயண வண்டிகளின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) 400 வாட்டுக்கு மேல் தரும் என்பதால் அவற்றில் இது பொருட்டில்லை. சிறிய வண்டியிலோ விளக்குகளுக்கும் இக்னிஷனுக்கும் போக மிஞ்சுவது சொற்பம், அதுவும் எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது இன்னும் குறைவு. இதைக் கண்டுபிடிக்கக் கையேட்டைப் புரட்டுவதைவிட மீட்டரே நல்ல வழி. எஞ்சினைச் சற்றே முறுக்கி ஓடவிட்டுப் பேட்டரியின் முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். புதிய கருவியைப் போட்டதும் அது 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், பேட்டரி நிரம்பவில்லை, கரைகிறது என்று பொருள்.

அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்சாரம் கிடைத்ததும் பெரிய மின்சாரத்துக்கு வழியைத் திறந்துவிடும் ஸ்விட்ச். சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஏதோ ஒரு வயரிலிருந்து, உதாரணமாக டெயில் லைட் வயரிலிருந்து, சாக்கெட்டுக்கு நேராக இணைப்புக் கொடுத்துவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். கைப்பேசி அளவுக்கு அது ஓடவும் ஓடும். ஆனால் அந்த மெல்லிய வயர் டெயில் லைட்டுக்கென்று அளந்து போடப்பட்டது. அதைவிட, இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ் என்றாகிவிடுவதால், மழையில் சாக்கெட்டுக்குள் ஷார்ட் ஆனால் இரவு நேரத்தில் பின்விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். ரிலே இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. அதன் 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரடி வயர், 87-லிருந்து சாக்கெட்டுக்கு, 86-க்கு டெயில் லைட் வயரிலிருந்து ஒரு கிளை, 85 எர்த்துக்கு. ரிலேயின் சுருள் ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான் எடுக்கும் என்பதால் டெயில் லைட் வயர் 'திறந்துகொள்' என்ற ஆணையை மட்டும் சுமக்கிறது, பாரத்தைச் சுமப்பது புதிய வயர். பழைய சிறிய வண்டிகள் சிலவற்றில் விளக்குகள் பேட்டரியைத் தொடாமல் மாறுமின்னோட்டத்தில் எரிபவை; அங்கே இப்படிச் செய்தால் ரிலே கடகடவென்று நடுங்கும். அத்தகைய வண்டியில் ஹார்னுக்கோ இண்டிகேட்டருக்கோ வரும் வயரைச் சோதித்து எடுத்துக்கொள்வது நல்லது.

ஃப்யூஸைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன், ஏனென்றால் முதல்முறை அதைச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், வசதிக்காக வைத்திருந்தேன். ஃப்யூஸ் காப்பது கைப்பேசியை என்று எண்ணியதால் வந்த பிழை அது. அது காக்க வேண்டியது வயரை. பேட்டரியிலிருந்து ஹேண்டில்பார் வரை பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடும் அந்த வயர் எங்காவது சட்டத்தில் உராய்ந்து தோல் கிழிந்தால், சிறிய பேட்டரிகூட ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளி வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். கிழிந்த இடத்தைத் தாண்டி வைத்த ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே ஃப்யூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பி மட்டும் என்றால் 5 ஆம்பியர், பம்பும் ஓட வேண்டுமென்றால் 15, அதற்கு ஏற்ற தடிமனில் வயர். நான் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டேன்; தேவைக்குச் சற்று அதிகம்தான், ஆனால் வழியில் வோல்ட் இழப்பு குறைகிறது.

இணைப்புகளில் ஈயப்பற்று வைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோக உறையை நசுக்கி வயரைக் கவ்வ வைப்பதா) என்ற வாதம் முடிவில்லாதது. என் தரப்பு கிரிம்ப்தான். ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போகிறது, விறைப்பு முடியும் விளிம்பில் எஞ்சினின் அதிர்வு நாளடைவில் அதை முறித்துவிடுகிறது. வயரின் தோலைக் கீறி நடுவில் கவ்வும் அந்த நீலநிற கிளிப்புகளைக் கண்டால் மட்டும் எந்தத் தரப்பும் வேண்டாம், தூரப் போட்டுவிடலாம்.

பம்ப் போன்றவற்றுக்கான 12 வோல்ட் சாக்கெட்டில் இரண்டு விதம் உண்டு. கார்களில் இருக்கும் சிகரெட் லைட்டர் வடிவம் எங்கும் கிடைக்கும், ஆனால் அதிர்வில் பிளக் நழுவும். 12 மில்லிமீட்டர் துளையுடைய சிறிய வகை, ஐரோப்பிய வண்டிகளில் தொழிற்சாலையிலேயே வருவது, நன்றாகக் கவ்விப் பிடிக்கிறது. பம்புக்காக அதைப் பக்கவாட்டில் வைத்து, கைப்பேசிக்கு ஹேண்டில்பாரில் மூடியுள்ள யூஎஸ்பி வைத்தேன். வாய் சற்றே கீழ்நோக்கி, வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி, மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கைப்பேசியை அங்கேயே மாட்டி வைப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: உயர்திறன் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் எச்சரித்திருக்கிறது, அதிர்வு தாங்கும் பிடிமானம் வாங்குவது வீணாகாது.

வயரைக் கட்டிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும், எஞ்சின் ஓடும்போதும் ஒருமுறை. திருப்பும்போது எஞ்சின் வேகம் தானாக உயர்ந்தால், வயரைக் கட்டிய பிளாஸ்டிக் டை ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கிறது. எனக்கு உயர்ந்தது, இரண்டு டைகளை வெட்டிவிட்டு வயரை வேறு வழியாகக் கொண்டுபோனேன்.

இம்முறை வேலை இரண்டு மாலைகள் எடுத்தது. தொடங்கும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றியிருந்தேன், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. முடிவில் அதையே கடைசியாக மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை மீண்டும் நடுவில் வைத்தேன். சாவி அணைந்த நிலையில் 1 மில்லி ஆம்பியர், அது வண்டியின் கடிகாரத்துக்கு. நீல விளக்கு எரியவில்லை.