ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிந்தது, அப்புறம்?

ஆகஸ்ட் பிறந்தால் ஊரிலிருந்து வரும் மெசேஜ்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாச்சு, குக்கர் கொண்டுவரலாமா, ஸ்வெட்டர் அங்கே வாங்குவது நல்லதா இங்கேயே வாங்கிக்கொள்ளட்டுமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான், முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஆனால் பிரிட்டனில் டிகிரி படிக்க வரும் பிள்ளை படிப்புக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கான ஃபவுண்டேஷன் வகுப்பில் பாடம் எடுப்பவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஃபவுண்டேஷன் எதற்கு என்று பார்ப்போம். இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றே வருடம் (ஸ்காட்லாந்தில் நான்கு). இங்குள்ள பிள்ளைகள் பள்ளியின் கடைசிக் கட்டமான ஏ லெவலில் இரண்டு வருடம் மூன்று பாடங்களை மட்டும் ஆழமாகப் படித்துவிட்டு வருவதால், பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே நேராகப் பாடத்துக்குள் இறங்கிவிடுவார்கள். வேறு நாட்டுப் பள்ளிப்படிப்பு அந்த அளவுக்கு வரவில்லை என்று பல்கலைக்கழகம் கருதினால் ஒரு வருடம் ஃபவுண்டேஷன் படித்துவிட்டு வா என்பார்கள். லண்டனில் இருக்கும் யுசிஎல் போன்ற சில பல்கலைக்கழகங்கள் அதைத் தாங்களே நடத்துகின்றன, வேறு பல இடங்களில் தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகிறார்கள். இலங்கை ஏ/எல், இந்திய ப்ளஸ் டூ இரண்டையும் நேரடிச் சேர்க்கைக்கு ஏற்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு, கேட்கும் மார்க்தான் போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் ஏஜென்ட் ஃபவுண்டேஷன் கட்டாயம் என்று சொன்னால் உடனே தலையாட்டாமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் நாட்டுக்கான பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். இன்னொன்று, டிகிரி மாணவர்கள் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் ஃபவுண்டேஷனுக்கென்று, அதாவது டிகிரிக்குக் கீழான படிப்பு என்று விசா எடுத்து வந்தால் 10 மணி நேரம்தான். வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடும் வீடுகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கே 70 வாங்கினால் முதல் வகுப்பு. 60க்கு மேல் எடுத்தாலே நல்ல டிகிரி, பல வேலைகளுக்குக் கேட்பதும் அதைத்தான். ப்ளஸ் டூவில் 95 சதவீதம் எடுத்த பிள்ளை முதல் எஸ்ஸேயில் 58 பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குச் சொல்லவும் பயம். பெற்றோரே, தயவுசெய்து இந்த எண்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். படிப்பின் அளவை இங்கே கிரெடிட் என்ற புள்ளியில் சொல்வார்கள்: ஒரு வருடத்துக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் 20 கிரெடிட் மாட்யூலுக்கு, அதாவது ஒரு பாடத்துக்கு, 200 மணி நேரம். கலைப் பாடங்களில் அதில் வகுப்பில் உட்காருவது பெரும்பாலும் 30, 40 மணி நேரம் இருந்தாலே அதிகம். மிச்சத்தை யாரும் வந்து கண்காணிக்க மாட்டார்கள். டைம்டேபிள் காலியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் பிள்ளைகள்தான் நவம்பரில் திணறுகிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் விட எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருப்பது எழுத்து. போன வருடம் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். 1854இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது, பிராட் தெரு பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்து, அதன் கைப்பிடியைக் கழற்றவைத்தார் இல்லையா, கைப்பிடியைக் கழற்றியதால்தான் காலரா நின்றதா என்பது நான் கொடுத்த கேள்வி. ஸ்னோ 1813இல் யார்க்கில் பிறந்தார் என்று ஆரம்பித்து, தொற்றுநோயியலின் தந்தை என்று முடித்திருந்தாள். ஒரு வரி தப்பில்லை, இலக்கணமும் சுத்தம். கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. ஸ்னோவின் புத்தகத்திலேயே நாள்வாரியாகச் சாவுக் கணக்கு இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். செப்டம்பர் 2ஆம் தேதி 127 பேர். கைப்பிடி கழற்றப்பட்ட 8ஆம் தேதி 30 பேர். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேம், இதை நான் எழுதலாமா? எல்லா வெப்சைட்லயும் அவர்தான் நிறுத்தினார்னு இருக்கே?" என்றாள்.

அந்த "எழுதலாமா" என்ற கேள்வியைத் தாண்டிவருவதற்குத்தான் அந்த ஒரு வருடம். பன்னிரண்டு வருடம் பாடப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மார்க் கொடுத்துப் பழக்கிய பிள்ளையிடம், திடீரென்று நீ என்ன நினைக்கிறாய், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறோம். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்ததில் முதல் வரியிலேயே பதில் இருந்தது: மக்கள் அந்தப் பகுதியைக் காலிசெய்து போனதால் நோய் ஏற்கெனவே தணிந்துவிட்டது. ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டிருப்பதைத் தேடி எடுத்திருந்தாள். அதோடு விடவில்லை. முதலில் நோய் கண்டதாகக் கருதப்படும் குழந்தையின் அப்பாவும் அதே 8ஆம் தேதி நோயில் விழுந்தார், அந்த வீட்டுக் கழிவு மறுபடி பம்பின் கிணற்றில் கலந்திருக்கும், அதனால் கைப்பிடியைக் கழற்றியது இரண்டாவது அலையைத் தடுத்திருக்கலாம் என்று எதிர்வாதத்தையும் தானே வைத்திருந்தாள். படித்துவிட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எடுத்த இடத்தைச் சொல்லாமல் எழுதினால் இங்கே அது பெரிய குற்றம். டர்னிட்டின் மாதிரியான மென்பொருள் ஒத்துப்போகும் வரிகளைக் காட்டிவிடும், ஏமாற்றும் எண்ணமே இல்லாத பிள்ளைகளும் விசாரணை வரை போகிறார்கள். மேற்கோள் கொடுக்கும் முறையை வருவதற்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறதா? உங்கள் பாடத்தில் வாரம் ஒரு நீளமான கட்டுரை படியுங்கள். அதில் எழுதியவரோடு எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே இல்லை, ஏன் என்று ஒரு பக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். வந்த பிறகு ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முதலில் வாய் வராது, பழகிவிடும். ஒவ்வொருவரும் வாரத்தில் ஏதோ ஒரு நேரம் மாணவர்களுக்கென்றே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் எஸ்ஸே திரும்பி வந்ததும் மார்க் எவ்வளவாக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள், ஓரத்தில் எழுதியிருப்பதில் புரியாத ஒவ்வொன்றையும் கேளுங்கள்.