பில்லில் ஒட்டிக்கொண்ட 10 சதவீதம்

ஓசூர்க்காரர்களுக்கு நல்ல ஒயின் வேண்டுமென்றால் அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டித்தான் ஆகணும். போன வாரம் நண்பர்களோடு பெங்களூரில் ஒரு ஒயின் பிஸ்ட்ரோவுக்குப் போனோம். (வண்டி ஓட்டியவர் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்திருந்தார், பாவம்.)

பரிமாறிய தம்பிக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. எங்கள் பேச்சைக் கேட்டதுமே "அண்ணா, எந்த ஊரு?" என்று ஒட்டிக்கொண்டார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் மட்டும் ஊற்றிவிட்டு நின்றார். நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இல்லையாம். கார்க் கெட்டுப்போய் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கிறதா என்று பார்க்கத்தானாம். அடித்தால் வேறு பாட்டில் தருவார்களாம். சிவப்பு ஒயினையும் 16 முதல் 18 டிகிரியில்தான் தரணும், நம்ம ஊர் வெயில் சூட்டில் கூடாது என்றார். இப்படிப் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்களை இப்போது எங்கே பார்க்கிறோம்!

சாப்பாடு சுமார். ரிசோட்டோவில் உப்பு தூக்கல்.

கடுப்பு பில்லில்தான். கேட்காமலே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே எடுத்துவிட்டார். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள்.

அப்புறம் அந்த சர்வீஸ் சார்ஜைவிடக் கொஞ்சம் கூடவே தம்பி கையில் கொடுத்தோம், மேனேஜர் பார்க்கும்படியாகவே.