போப்பாண்டவர் வரலாற்றுத் தாள்: ஆயரை யார் நியமித்தார் என்று கேட்டுப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. வரலாற்றில் எங்கள் துறையில் அதிகம் பேருக்கு அரியர் விழும் தாள், ஐரோப்பாவில் திருச்சபையும் அரசும். அதில்தான் எனக்கு மற்ற எல்லாத் தாள்களையும்விட நல்ல மதிப்பெண். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், அடுத்த பருவம் தொடங்கிவிட்டால் நேரம் கிடைக்காது. தாள் அமைப்பு, அலகுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

போப்புகளின் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். 260க்கும் மேற்பட்ட பெயர்கள், அதில் கிரகோரிகள் மட்டுமே 16 பேர். எந்த நூற்றாண்டை எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காலத்தில் ஆயரை (பிஷப்பை) நியமித்தது யார்? கூடவே, போப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அரசியல், பணம், மதம் மூன்றும் தானாகப் பின்னால் வரும். நான் படித்தது முழுக்க இப்படித்தான்.

ஏன் ஆயர் நியமனம்? மத்தியகால ஜெர்மனியில் ஆயர் என்பவர் பூசை வைப்பவர் மட்டும் இல்லை. அவர் கையில் நிலம் இருந்தது, கோட்டை இருந்தது, படை இருந்தது. சட்டப்படி அவருக்கு வாரிசு கிடையாது. அவர் இறந்ததும் பதவி மறுபடியும் காலியாகும், மன்னர் தனக்கு வேண்டியவரை அமர்த்தலாம். பிரபுக் குடும்பங்களை நம்ப முடியாத மன்னர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. 10ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியை ஆண்ட ஓட்டோ வம்சத்தார் நாட்டை நடத்தியதே இந்த ஆயர்களை வைத்துத்தான். இதை முதல் பத்தியில் எழுதாமல் ஆயருக்குப் பதவி தருவது மன்னரா போப்பா என்ற பதவியளிப்புப் போராட்டத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அது வெறும் சண்டைக் கதையாகத்தான் நிற்கும்.

போப் தேர்வின் கோடு இது. அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

- 962: முதலாம் ஓட்டோவுக்குப் பேரரசர் முடி. புதிய போப் பேரரசருக்கு விசுவாச உறுதி தர வேண்டும் என்ற நிலை.
- 1046: இத்தாலியின் சூத்ரி நகரில் கூடிய திருச்சபைச் சங்கம். போப் பதவிக்கு உரிமை கொண்டாடிய மூவரையும் ஜெர்மன் மன்னர் மூன்றாம் ஹென்றி ஒதுக்கிவிட்டுத் தன் ஆளை அமர்த்துகிறார்.
- 1059: போப் இரண்டாம் நிக்கோலாஸின் ஆணை. தேர்வு கர்தினால்கள் (ரோம் திருச்சபையின் மூத்த குருக்கள்) கைக்குப் போகிறது.
- 1179: மூன்றில் இரண்டு பங்கு வாக்கு.
- 1274: கதவைப் பூட்டி வைத்துத் தேர்வு நடத்தும் கான்கிளேவ் விதி. 1268 முதல் 1271 வரை பதவி காலியாகக் கிடந்த அனுபவம்தான் காரணம்.

இதில் 1046க்கும் 1059க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பேரரசர் நினைத்தவரைப் போப்பாக்கிய காலத்திலிருந்து, பேரரசரைப் பெயருக்குக் கேட்டால் போதும் என்ற காலத்துக்கு வர வெறும் 13 வருடங்களே ஆயின. நடுவில் மூன்றாம் ஹென்றி இறந்து, ஒரு சிறுவன் அரியணைக்கு வந்திருந்தான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில், தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிய போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டு இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் நின்ற நான்காம் ஹென்றி.

கனோசாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 1077 ஜனவரி, பனி, மூன்று நாள் காத்திருப்பு என்று எல்லோரும் அங்கேயே பதிலை முடித்துவிடுகிறார்கள். சண்டை ஆரம்பித்தது எங்கே? மிலான் பேராயர் பதவிக்கு யார் என்பதில். 1075இல் ஏழாம் கிரகோரியின் பதிவேட்டில் வரும் 27 கூற்றுகளில் ஒன்று, பேரரசரைப் பதவி நீக்கப் போப்புக்கு அதிகாரம் உண்டு என்கிறது. இன்னொன்று, ஆயர்களை நீக்கவும் மீண்டும் அமர்த்தவும் போப் ஒருவருக்கே உரிமை என்கிறது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய வெடி. கனோசாவில் மன்னர் பணிந்தார், சரி. பாவம் போக்கக் கேட்டு வந்தவரைக் குருவாக இருக்கிற ஒருவர் திருப்பி அனுப்ப முடியாது; அந்த இடத்தில் கிரகோரியின் கைதான் கட்டப்பட்டிருந்தது. 1084இல் ஹென்றி ரோமைப் பிடித்துத் தன் போப்பை அமர்த்தினார். கிரகோரி 1085இல் சலேர்னோவில், ரோமுக்கு வெளியே இறந்தார். இந்த இரண்டு வருடங்களையும் சேர்க்காமல் கனோசாவைப் போப்பின் வெற்றி என்று முடித்துவிடாதீர்கள்.

முடிவு 1122, வோர்ம்ஸ் உடன்படிக்கை. மோதிரமும் ஆயர் கோலும் திருச்சபை தரும், நிலத்துக்கும் உலகியல் உரிமைக்கும் அடையாளமான செங்கோலை மன்னர் தருவார். ஜெர்மனியில் தேர்தல் மன்னர் முன்னிலையில் நடக்கும். அந்த 'முன்னிலையில்' என்ற சலுகையைக் கட்டாயம் எழுதுங்கள், யாருக்கும் முழு வெற்றி இல்லை என்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் கைமாறி வந்த ஒரு கைடில், பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு ரோமப் பேரரசையே போப் சில்வெஸ்டருக்குக் கொடையாகக் கொடுத்தார் என்று நடந்த சம்பவம் போல அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பத்திரம் போலி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானது. 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையை வைத்தே போலி என்று நிறுவினார். காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு இதை உண்மையாக விற்பது பெரிய அநியாயம். நிஜமாக நிலம் வந்தது பிரான்க் மன்னர் பெப்பினிடமிருந்து, 756இல். பதிலில் இரண்டையும் பிரித்து எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் படித்தவர் என்று தெரியும்.

அடுத்த காலங்களை வேகமாகச் சொல்கிறேன். போப் மூன்றாம் இன்னொசென்டுக்கும் இங்கிலாந்து மன்னர் ஜானுக்கும் மோதல் வந்தது கேன்டர்பரி பேராயர் பதவியால். 1208இல் நாடு முழுக்க வழிபாட்டுத் தடை, 1213இல் ஜான் பணிந்து நாட்டையே போப்பின் மானியமாக ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 1,000 மார்க் கட்டச் சம்மதித்தார். போப் எட்டாம் போனிஃபேஸுக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப்புக்கும் நடந்த மோதல் உங்களுக்குத் தெரியும்: 1302இல் எல்லோரும் போப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஆணை, 1303இல் அனாஞி ஊரில் மன்னரின் ஆட்கள் போப்பைப் பிடித்தது. 14ஆம் நூற்றாண்டில் போப்புகள் ரோமை விட்டு அவிஞ்ஞோன் நகரில் இருந்த காலத்தை 'பாபிலோனியச் சிறை' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். ஐரோப்பா முழுக்கத் திருச்சபைப் பதவிகளைப் போப்பே ஒதுக்கிக்கொள்வதும், புதிதாகப் பதவி ஏற்பவரின் முதல் ஆண்டு வருமானத்தை வாங்குவதும் பெரிய இயந்திரமாக வளர்ந்தது அங்கேதான். அதற்கு எதிர்வினையாக 1351இல் இங்கிலாந்து சட்டம் போட்டது.

இந்தக் கோட்டை அப்படியே 1517க்குக் கொண்டு போங்கள். பிராண்டன்பர்க் ஆல்பிரெக்ட் ஏற்கெனவே மாக்டபர்க் பேராயர். மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டும் என்றார். அதற்கு ரோமுக்குக் கட்ட வேண்டிய பெருந்தொகைக்கு ஃபுக்கர் வங்கியாரிடம் கடன். கடனை அடைக்க பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் பாதி. மார்ட்டின் லூதர் கண்ணில் பட்டது அந்த விற்பனை. ஒரு பேராயர் நியமனம்தான் சீர்திருத்த இயக்கத்துக்குத் திரி கொளுத்தியது என்று நான் எழுதினேன், இன்றும் அதில் உறுதியாக இருக்கிறேன். பக்கத்திலேயே 1516ஐ வையுங்கள்: பொலோஞ்ஞா உடன்பாட்டில் ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையை பிரான்ஸ் மன்னர் பேச்சுவார்த்தையிலேயே பெற்றுவிட்டார். ரோமிடமிருந்து பிரிந்து போக அவருக்குப் பெரிய தேவை இருக்கவில்லை.

நம் ஊருக்கும் இது வருகிறது. ஆயர்களை முன்மொழியப் போர்ச்சுகல் மன்னருக்குத் தரப்பட்ட பத்ரவாதோ உரிமையின் கீழ் 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. ரோம் 1622இல் மறைபரப்புப் பேராயத்தை (மிஷன் பணிகளை நேரடியாக நடத்தும் போப்பின் துறையை) தொடங்கியதும் இரண்டு அதிகாரங்களும் உரசின. 1838இல் போப் பதினாறாம் கிரகோரி பத்ரவாதோவின் எல்லையைச் சுருக்கியபோது இங்கே பல பங்குக் கோயில்களின் மக்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டன. மயிலாப்பூர் ஆயர் நியமனத்தில் போர்ச்சுகலுக்கு இருந்த பங்கு 1950இல்தான் முடிந்தது. இதை எழுதினால் எடுத்துக்காட்டு உங்களுடையதாக இருக்கும்.

நவீன காலத்துக்கு என் வாதம் இது: போப்பின் கையிலிருந்து நிலம் போகப் போக அவருடைய நியமன அதிகாரம் கூடியது. 1801இல் நெப்போலியனுடன் செய்த உடன்பாட்டுக்காக போப் ஏழாம் பயஸ், பிரான்ஸின் பழைய ஆயர்கள் எல்லோரையும் ராஜினாமா செய்யச் சொன்னார். முன்பு எந்தப் போப்பும் ஒரு நாட்டின் ஆயர்களிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் ஒரு புரட்சித் தளபதி. 1870 ஜூலையில் தவறாவரம் (விசுவாசம், ஒழுக்கம் பற்றிப் போப் அதிகாரபூர்வமாக வரையறுப்பது தவறாது என்ற கொள்கை) அறிவிக்கப்பட்டது, செப்டம்பரில் ரோம் நகரம் இத்தாலியப் படையிடம் போனது. 1903 போப் தேர்தலில் ஆஸ்திரியப் பேரரசர் கர்தினால் ரம்போல்லாவுக்கு எதிராக வீட்டோ போட்டார். மறு வருடமே பத்தாம் பயஸ் அந்த வழக்கத்தை ஒழித்தார். 1917 திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஆயர்களைப் போப் சுதந்திரமாக நியமிக்கிறார் என்று பொதுவிதியே ஆக்கியது. 1929இல் போப்பின் கையில் மிஞ்சியது 44 ஹெக்டேர் வத்திக்கான் நகரம். 2018இல் சீனாவுடன் ஒப்பந்தம், அதுவும் ஆயர் நியமனத்துக்காகத்தான். வோர்ம்ஸ் முதல் பெய்ஜிங் வரை ஒரே கட்டுரையில் கொண்டுவர இந்தக் கேள்வி ஒன்று போதும்.

படித்த விதம், சுருக்கமாக:

- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. தனியாக, சத்தமாகப் பேசிப் படித்தேன்.
- ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு பக்கம்: காலியான பதவி எது, கேட்டவர்கள் யார், பணம் யாருக்கு, முடிந்த ஆவணம் எது.
- ஆவணத்தின் பெயரும் வருடமும் இல்லாத பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.
- சிலுவைப் போர்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் செலவிடாதீர்கள், வேறு தாளில் வருகிறது.
- பெயர்க் குழப்பம்: ஏழாம் கிளமென்ட் இரண்டு பேர். 1378இல் ரோமில் இருந்த போப்புக்குப் போட்டியாக வந்த அவிஞ்ஞோன் தரப்பு ஒருவர், எட்டாம் ஹென்றியின் மணவிலக்கை மறுத்த மெடிச்சி குடும்பத்தவர் இன்னொருவர். இருபத்து மூன்றாம் ஜானும் அப்படியே: போட்டிப் போப்புகளின் பிளவைத் தீர்க்கக் கூடிய கான்ஸ்டன்ஸ் சங்கம் நீக்கியவர் வேறு, 1958இல் வந்தவர் வேறு.