களப்புப் பக்கத்து அறையும் நண்டில்லாத விருந்தும்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் உப்புவெளியையும் சாம்பல்தீவுப் பாலத்தையும் கடந்து நிலாவெளியை நெருங்கும்போது, வலப்பக்கம் கடல் இரைவது கேட்க, இடப்பக்கம் உப்பங்கழியான களப்பின் நீர் அசையாமல் கிடப்பதைக் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது இந்தக் கரை பட்டபாட்டை ஊரில் மறந்தவர் இல்லை. அதன்பின் 2009 இல் போரும் ஓய்ந்த பிறகு இப்பக்கத்தில் புதிய பெரிய விடுதிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவற்றுள் ஒன்றில், முன்னால் கடலும் பின்னால் களப்பின் ஒரு கையுமாக அமைந்த இடத்தில், கடந்த ஓகஸ்ட் மாதத்து நிக்கினிப் போயா எனும் பூரணை விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் தங்கினோம்.

திருகோணமலை நகரின் உவர்மலையில் சொந்த வீடு இருக்க, பதினைந்து கிலோமீற்றர் தள்ளிப் போய்க் காசு கொடுத்துப் படுக்க வேண்டுமா என்று அயலவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவும் அத்தானும் தங்கள் திருமண நாளை இப்படிக் கழிக்க விரும்பி, என்னையும் மனைவியையும் விடாப்பிடியாக அழைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் உள்நாட்டவருக்கான கட்டணம் என்பதால் எங்கள் அறைக்கு ஒரு விலையும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த அவர்கள் அறைக்கு வேறொரு விலையுமாக அமைந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை அந்த வரவேற்பு மேசை இரண்டு நாட்டவராகப் பிரித்துப் பதிந்ததைப் பார்த்து அக்கா சிரித்தாள். கட்டணத்தைச் செலுத்திய அத்தான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

விடுதியின் முன்கூடத்துக்குச் சுவரே இல்லை. உயர்ந்த ஓட்டுக் கூரையைத் தடித்த மரத்தூண்கள் தாங்க, வாசலில் நின்றவாறே மறுபக்கத்துக் கடல் தெரிகிறது. கையில் குளிர்ந்த துவாயையும் இஞ்சி கலந்த தேசிக்காய்ச் சாற்றையும் தந்த பெண்பிள்ளை முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினாள். நாங்கள் எங்களுக்குள் தமிழில் கதைப்பதைக் கேட்டதும் அவளும் தமிழுக்கு மாறினாள். அதன்பிறகு எங்கள் பயணப்பெட்டிகள் சற்று விரைவாக நகர்ந்தன என்றே எனக்குத் தோன்றியது.

அறைகள் இரண்டு வரிசையாக உள்ளன. கடலைப் பார்த்தவை விலை கூடியவை; களப்பைப் பார்த்தவை குறைந்தவை. அக்காவும் அத்தானும் கடற்பக்கத்து அறையை எடுத்துக்கொள்ள, களப்புப் பக்கம் எங்களுக்கு வாய்த்தது. ஓகஸ்டில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனல் போல அடிக்கும் என்பதை இவ்வூரில் வளர்ந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. முற்பகல் பத்து மணிக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார முடியவில்லை. பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு உள்ளிருந்தே கண்டல் மரங்களையும், கம்புகளின் மேல் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விடுதிக்காரர்கள் கடலுக்குக் கூடுதல் விலை வைத்ததன் காரணம் அப்போது விளங்கியது. ஆனால் நான்கு மணிக்குப் பிறகு காற்றுத் தணிந்ததும் விறாந்தையின் குணமே மாறிவிட்டது. கடற்பக்கத்தில் படகோட்டிகளின் கூவலும் நீச்சல் தடாகத்துப் பாட்டுச் சத்தமுமாக இருக்க, இங்கே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலையை எறிவதையும், ஈயக் குண்டுகள் நீரைத் தொடும்போது எழும் ஓசையையும் அறையிலிருந்தே கேட்கக்கூடியதாக இருந்தது. இன்னொரு முறை என் சொந்தக் காசில் போனாலும் களப்புப் பக்கத்தைத்தான் கேட்பேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டில் அகலமானது, விரிப்பு வெள்ளை, குளியலறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையை விடப் பெரியது. இந்தத் தரத்து விடுதிகள் எல்லாவற்றிலும் இவை இருக்கும்.

பூரணை நாளில் இந்த இடத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கிழக்கே கடலும் மேற்கே களப்பும் இருப்பதால், மாலை ஆறரை மணியளவில் சூரியன் களப்பின் அப்பால் பனைகளுக்குள் இறங்கும் அதே வேளையில், முதுகுப் பக்கம் நிலவு கடலிலிருந்து மேலெழுகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதற்காக விருந்தினர்கள் முன்கூடத்தின் நடுவில் நின்று தலையை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தான் தம் கைப்பேசியை எப்பக்கம் பிடிப்பது என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டு படங்களையும் கோட்டைவிட்டார்.

அன்றிரவு விருந்துக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். களப்பின் ஓரத்தில் தூண்களின் மேல் எழுப்பிய தனி மண்டபத்தில், விடுதியின் வழக்கமான உணவுக்கூடத்தோடு சேராமல், வகைவகையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் இரவு உணவு அது. அன்று போயா, மது விற்காத நாள் என்பதால் மதுப் பட்டியல் மேசைக்கு வரவில்லை. ஒவ்வொரு உணவுக்கும் பொருத்தமான வைனைத் தேர்ந்து தருவதுதான் இத்தகைய விருந்துகளின் பெருமை என்று அத்தான் முதலிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். அவருக்கு அது ஓர் இழப்புத்தான். அதற்குப் பதிலாக வந்த பானங்கள் என் கணிப்பில் இழப்பை ஈடு செய்துவிட்டன. பனங்கட்டி சேர்த்து வடித்த விளாம்பழச் சாறும், உப்பும் மிளகும் இட்ட நெல்லிச் சாறும் சிறிய கண்ணாடிக் கிளாஸ்களில், வைனுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு ஊற்றப்பட்டன.

மேசையின் இருபுறமும் அடுக்கியிருந்த கரண்டிகளையும் முள்ளுக்கரண்டிகளையும் பார்த்து என் மனைவி சற்றுத் தயங்கினாள். வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கி உட்பக்கமாக வரவேண்டும் என்பதை அக்கா காதோடு சொல்லிக் கொடுத்தாள். எங்களுக்குப் பரிமாறிய மூதூர்ப் பெடியன் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த உணவு வருமுன் உரிய கரண்டியைத் தானே ஒரு விரலளவு முன்னே நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். நல்ல பரிசாரகம் என்பதற்கு அன்று நான் கண்ட சான்று அதுதான்.

முதலில் ஒரு வாய்க்குள் அடங்கும் அளவில் மொறுமொறுப்பான உழுந்துத் தட்டையின் மேல் வழித்தெடுத்த முருங்கைக்காய்ச் சதை வந்தது. சூடான பாணும், அதற்குத் தொட்டுக்கொள்ள இப்பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பைத் தூவிய பட்டரும் அடுத்து வந்தன. பிறகு வந்தது புகையூட்டிய சாமன் மீன். கடலுக்கும் களப்புக்கும் நடுவில், பாரையும் விளைமீனும் அறுக்குளாவும் காலையில் கரைக்கு வரும் ஊரில், குளிர்நாட்டில் வளர்த்து விமானத்தில் ஏற்றிய மீனை ஏன் தருகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அது கெட்டுப்போயிருக்கவில்லை, சுவையற்றதாகவும் இல்லை. ரொறன்ரோவில் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் இதே மீன் இதே சுவையில் கிடைக்கிறது என்று அக்கா சொன்னதே போதுமான விமர்சனம்.

மூன்றாவதாக வந்தது சொதி. அகலமான வெள்ளைக் கோப்பையின் நடுவில் ஒரு துண்டு விளைமீனும் நாலைந்து கறிவேப்பிலையும் மட்டும் இருக்க, சிறு கூசாவிலிருந்து இள மஞ்சள் நிறச் சொதியை எங்கள் கண் முன்னாலேயே சுற்றிவர ஊற்றினார்கள். தேங்காய்ப்பால் திரையவில்லை, எண்ணெய் பிரியவில்லை. வெந்தயத்தின் மெல்லிய கசப்பு முதலில் தெரிந்து, தேசிக்காய்ப் புளி கடைசியில் வந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே புளியை விட வேண்டும் என்பதை எங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்து, சொதியும் கசந்துவிடும். அந்தக் குசினியில் அதை அறிந்த ஒரு கை இருந்தது. “தம்பி, சொதி எண்டு சொல்லாமத் தந்திருந்தா நான் வெள்ளைக்காரச் சாப்பாடு எண்டுதான் நினைச்சிருப்பன். ஆனா வாயில வச்சா அம்மாவின்ர கைதான்” என்று அக்கா சொன்னாள்.

அத்தான் எதிர்பார்த்திருந்தது நண்டை. சிங்கப்பூரில் மிளகாய் நண்டு என்று பெயர் பெற்ற உணவுக்கு இலங்கை நண்டையே தேடி வாங்குகிறார்கள். அதை அங்கே போய்ச் சாப்பிட்டவர் அவர். பிறந்த மண்ணில், களப்பின் மேலேயே உட்கார்ந்து, அதே நண்டைச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அச்சிட்ட உணவுப் பட்டியலிலும் நண்டு இருந்தது. ஆனால் அதன் முறை வந்தபோது தலைமைச் சமையற்காரரே மேசைக்கு வந்துவிட்டார். அட்டன் பக்கத்தில் பிறந்து, துபாயில் சில காலம் வேலை செய்துவிட்டு வந்தவர். “ஐயா, இன்னைக்கு வந்த நண்டு பாரமா இல்ல. காசு வாங்கிக்கிட்டு உங்களுக்குத் தண்ணியக் குடுக்க எனக்கு மனசில்ல” என்றார்.

நிலாக்காலத்து நண்டில் சதை இராது, இருட்டுக்காலத்து நண்டே நிறைந்த நண்டு என்பது எங்கள் பக்கத்து மீனவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. சந்தையில் என் தகப்பனார் நண்டு வாங்கும்போது அதை மறுபக்கம் திருப்பி, கால்கள் உடலோடு சேரும் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் கூடைக்குள்ளேயே போட்டுவிடுவார். ஓடு கழற்றிய நண்டு புதிய ஓட்டுக்குள் பெருத்துத் தெரிந்தாலும் உள்ளே நீர்தான் மிகுதி. இவ்வளவு செலவழித்துக் கட்டிய விடுதியில், வெளிநாட்டு விருந்தினருக்கு மத்தியில், அந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய்து நண்டை ஒதுக்கிய ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட மதிப்பு, அதற்கு முன் வந்த சாமன் மீனால் உண்டான எரிச்சலை முற்றாகப் போக்கியது. அத்தான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப என்ன இருக்கு?” என்று கேட்டார்.

களப்பு இறால் இருந்தது. ஒரு சாண் நீளமான இறால்களை முதுகுப்பக்கம் பிளந்து, குடலை நீக்கி, தலையும் ஓடும் அப்படியே இருக்கச் சிரட்டைக் கரியில் வாட்டியிருந்தார்கள். ஓட்டின் விளிம்பு கருகியிருந்தது. உள்ளே சதை அப்போதுதான் வெண்மையாகியிருந்தது, அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேகவில்லை. வேறு இறால்களின் தலைகளை நசுக்கிப் பிழிந்த சாற்றோடு பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்து வற்றவைத்த குழம்பு, செங்கபில நிறத்தில் ஒரு கரண்டியளவே பக்கத்தில் இருந்தது. உடன் வந்த குரக்கன் புட்டு உள்ளங்கை அளவுதான். அத்தான் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் ஓட்டைப் பிரிக்கத் தொடங்கியதும் நாங்களும் அவரைப் பின்பற்றினோம். விரல் கழுவ வெதுவெதுப்பான நீர்க் கிண்ணங்கள் கேட்காமலே வந்தன.

அதன்பின் வந்த மாட்டிறைச்சி உணவு மேசையில் மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. அத்தான் மட்டும் சாப்பிட்டு, பரவாயில்லை என்றார். இனிப்பாக எருமைத் தயிரை உறையவைத்து, கித்துள் பாணியையும் வறுத்த எள்ளையும் மேலே இட்டுத் தந்தார்கள். “எங்கட பக்கத்துத் தயிர்தான் சேர், காலையில சட்டியோட வரும்” என்று மூதூர்ப் பெடியன் சொன்னபோது அவன் குரலில் விடுதிக்காரனுக்குரிய பணிவு சற்றுக் குறைந்து, ஊர்க்காரனுக்குரிய உரிமை கூடியிருந்தது.

மறுநாள் காலை புறாத்தீவுக்குப் படகில் போனோம். 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடுதி ஏற்பாடு செய்யும் படகுக்கும் கரையில் நாமே பேசி எடுக்கும் படகுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. பார்ப்பது ஒரே முருகைக்கல், ஒரே மீன்.

காலை உணவு எனக்கு ஏமாற்றமே. முந்தைய இரவு அப்படியொரு சொதி வைத்த குசினியிலிருந்து, இடியப்பத்துக்கு நீர்த்துப்போன சொதியும் உறைப்பே இல்லாத சம்பலும் எப்படி வந்தன என்று புரியவில்லை. பெரிய பாத்திரத்தில் பலருக்குமாக வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தால் எந்தச் சொதியும் அப்படித்தான் ஆகும் என்பது உண்மைதான்; ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் பலர் அந்தக் காலைச் சொதியைத்தான் எங்கள் ஊர்ச் சொதி என்று எண்ணிக்கொண்டு போவார்கள். சுடச்சுட வார்த்துத் தந்த முட்டை அப்பம் மட்டும் நன்றாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். பட்டியலில் காணும் உணவு விலையோடு பத்து வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் கூடும் என்பதைக் கணக்கிட்டுக்கொண்டு மேசையைப் பதிவு செய்யுங்கள். அத்தான் பற்றுச்சீட்டை இரண்டு முறை வாசித்ததற்கு அதுவே காரணம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நவம்பருக்குப் பிறகு வாடைக் காற்றும் மழையும் வந்துவிட்டால் படகு ஓடாது, ஆனால் அறை விலை இறங்கும், களப்பும் நிரம்பி அழகாக இருக்கும். வைன் வேண்டுமானால் போயாவைத் தவிருங்கள். நண்டு வேண்டுமானால் அமாவாசையை ஒட்டிப் பதிவு செய்து, முதல் நாளே குசினிக்குச் சொல்லி வையுங்கள்.