பலகைத் தொட்டிக்குள் நந்திக்கடல்

எங்கள் பாடசாலையில் மீன்காட்சிச்சாலை ஒன்று இருந்தது என்றால் இன்று அங்கே படிக்கும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இருந்தது மூன்று நாள்தான். 1998 ஆம் ஆண்டு விஞ்ஞானக் கண்காட்சி அது. நான் அப்போது ஆண்டு 10.

போரினால் வன்னிக்கு விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைக்காலம். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. அந்த நாளில்தான் எங்கள் விஞ்ஞான ஆசிரியர், "நந்திக்கடலைப் பாடசாலைக்குக் கொண்டுவருவோம்" என்றார். நந்திக்கடல் என்பது முல்லைத்தீவில், பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் எங்கள் களப்பு.

கண்ணாடித் தொட்டிக்கு எங்கே போவது? உடையாமல் தப்பிய அலுமாரிக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. முன்பக்கத்துக்கு அது, மற்றப் பக்கங்களும் அடியும் பலகை. வகுப்பில் என் பக்கத்தில் இருந்த நண்பனின் தகப்பனார் வள்ளம் கட்டுபவர். குங்கிலியத்தை இடித்து எண்ணெயில் காய்ச்சி, பஞ்சுத்திரியை அதில் தோய்த்து, பொருத்துகளில் உளியால் அடித்து இறுக்கினார். "வள்ளத்துக்குள் தண்ணீர் வரக்கூடாது, இதற்குள்ளிருந்து போகக்கூடாது. இரண்டும் ஒரே வேலைதான் தம்பி" என்றார். மூன்று நாளும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆடி மாதம் நந்திக்கடல் வற்றிக் கலங்கிக் கிடந்ததால் தண்ணீரைப் பெருங்கடலில் எடுத்தோம். கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தபோது வழியில் ஓர் ஆச்சி மறித்து, "வட்டாப்பளை அம்மனுக்கோ பிள்ளைகள்?" என்று கேட்டார். வட்டாப்பளைக் கோயிலில் கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரியும் என்று நம்பும் ஊர் எங்களுடையது. கண்காட்சிக்கு என்று தெரிந்த பிறகும், சிந்தாமல் கொண்டுபோகும்படி சொல்லித்தான் விட்டார்.

முதல்நாள் மாலை விட்ட ஓரா மீன்கள் விடியுமுன் செத்து மிதந்தன. நண்பன் அழுதே விட்டான். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், நாம் மீனையும் அளவுக்கு மிஞ்சி விட்டுவிட்டோம் என்று ஆசிரியர் விளக்கினார். தொட்டியின் மேல் ஈரச்சாக்கு வந்தது. சைக்கிள் பம்பில் ரியூப் பூட்டி, அதன் நுனியைக் கட்டி ஊசியால் துளையிட்டோம். ஆளுக்கு நூறு தடவை பம்ப் அடிப்பது, பிறகு அடுத்தவன். இரவிலும் முறை வைத்து அடித்தோம். அந்தக் குமிழிகள் மேலே வரும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கண்காட்சியின் நாயகன், வலையில் வந்தால் கரையில் எறிந்துவிடும் பேத்தை. நஞ்சென்று யாரும் தொடாத மீன். கண்ணாடிக்கு அருகில் வந்து நின்று, சிறு செட்டைகளை விசிறிபோல அடித்தபடி, கண்ணை மட்டும் உருட்டி எங்களைப் பார்த்தது. பெரியவர்கள்கூட அதன் முன்னால் குந்தியிருந்தார்கள். அதைவிட எனக்கு இறால்தான். சட்டியில் சிவந்த இறாலையே கண்டு வளர்ந்த நான், உயிருள்ள இறால் கண்ணாடிபோல் இருப்பதையும், முதுகில் குடல் கருங்கோடாக ஓடுவதையும், வயிற்றுக்கடியில் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடுப்புப் போடுவதையும் அன்றுதான் கண்டேன். இறால் முட்டையிடுவது பெருங்கடலில். மாரியில் முகத்துவாரம் திறக்கும்போது குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் வெட்டுவது வெள்ளம் வடிவதற்காக மட்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது புதிய செய்தி.

இதையெல்லாம் தடியால் சுட்டிக்காட்டி விளக்கியவன் கடைசி வாங்கில் இருந்த என் நண்பன். மணலை மீனுக்கும் திரளி மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் சொல்ல, ஆசிரியர் குறிப்பெடுத்தார். 2009 க்குப் பிறகு அவனைப் பற்றிய செய்தி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று நந்திக்கடல் என்றால் உலகம் ஒன்றைத்தான் நினைக்கிறது, 2009 இல் அங்கே முடிந்த போரை. அதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கரையில் பிறக்கும் பிள்ளைக்கு அது இறால் வளரும் தொட்டிலாகவும் தெரியவேண்டும். ரொறன்ரோவில் சி.என். கோபுரத்தின் அருகிலுள்ள மீன்காட்சியகத்துக்கு என் மகளைக் கூட்டிப்போனேன். தொடக்கத்திலேயே கனடாவின் சொந்த நீர்களில் வாழும் உயிர்களைத்தான் காட்டுகிறார்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எங்கள் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்கும் இவ்வேளையில் நான் கேட்பது ஒரு தொட்டி. சூரியத் தகட்டில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று. அவற்றுக்கான என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். தங்கமீன் வாங்கி விடவேண்டாம். ஓராவும் மணலையும் இறாலும், இரண்டு பேத்தையும் போதும். பெயர்ப்பலகையை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும்.