நாதாம் பார்க்க வேண்டுமானால் நகரத்தைத் தாண்டுங்கள்

ஜூலை 10 மாலை வரை டிக்கெட் வந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் மைதானத்தில் நாதாம் என்ற விளையாட்டுத் திருவிழாவின் தொடக்க விழாவுக்கு இடம் பிடித்துத் தருவதாக ஒருவர் முன்பணம் வாங்கியிருந்தார். ஆறு மணிக்குக் கைவிரித்துவிட்டார். பணம் திரும்பி வந்தது, டிக்கெட் வரவில்லை. ஒன்றரை ஆண்டு சேமித்துக் கிளம்பிய பயணம். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 முதல் 13 வரை தலைநகரில் நாதாம் நடக்கிறது. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை மூன்றும்தான் அதன் உயிர். மறுநாள் காலை சுஹ்பாத்தர் சதுக்கத்துக்கு நடந்தேன். அங்கே நிற்க டிக்கெட் தேவையில்லை. அரசு மாளிகையிலிருந்து ஒன்பது வெண்கொடிகளை ஏந்திக்கொண்டு குதிரை வீரர்கள் மைதானம் நோக்கிப் புறப்பட்டார்கள். அந்தக் கொடிகளில் துணி கிடையாது. உயர்ந்த கம்பங்களின் உச்சியில் வெள்ளைக் குதிரைமுடி கற்றை கற்றையாகத் தொங்குகிறது. பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டிக்கெட் இல்லாத வருத்தம் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

பிற்பகலில் வில்வித்தைத் திடல். ஆண்கள் 75 மீட்டர் தொலைவிலிருந்து எய்கிறார்கள். இலக்கு, தரையில் சுவர்போல் அடுக்கிய சிறு தோல் உருளைகள். நடுவர்கள் அதன் பக்கத்திலேயே நின்று, அம்பு பட்டதும் இரு கைகளையும் உயர்த்தி "ஊஹாய்" என்று நீட்டிப் பாடுகிறார்கள்.

நான் தங்கிய விடுதியை நடத்திய அம்மாவுக்கு இந்தியா என்றதும் முகம் மலர்ந்தது. லடாக்கைச் சேர்ந்த பௌத்தத் துறவி குஷோக் பாகுலா ரின்போச்சே 1990 முதல் 2000 வரை மங்கோலியாவில் இந்தியத் தூதராக இருந்தவர். உலான்பாத்தரில் அவர் நிறுவிய மடாலயத்துக்கு இந்த அம்மா இன்றும் போகிறார். டிக்கெட் கதையைக் கேட்டதும், அர்ஹாங்காய் மாகாணத்தில் இருக்கும் தன் தங்கைக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த வட்டாரத்தின் சிறு நாதாம் இரண்டு நாள் கழித்துத்தான் என்று தெரிந்தது. "அதைப் பார். அங்கே வேலி கிடையாது" என்றார்.

மங்கோலியாவுக்குப் போகிறவர்களிடம் நானும் இதையே சொல்வேன். விசாவை இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கினேன், அதில் தொல்லை இல்லை. பஸ் டிக்கெட்தான் கடினம். விடுமுறையில் நகரமே சொந்த ஊருக்குக் கிளம்புகிறது. பஸ் நிலையத்தில் அதிகாலையிலேயே வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, கடைசி வரிசை இருக்கை ஒன்றை வாங்கினேன். நாள் முழுக்கப் பயணம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு, ஃபுர்கோன் என்கிற சாம்பல் நிற ரஷ்ய வேனில் சாலையே இல்லாத புல்வெளியில் இரண்டு மணி நேரம். அந்நாட்டுப் பணமான துக்ரிக் நோட்டுகளை நகரத்திலேயே மாற்றி வைத்துக்கொண்டது உதவியது. ஜூலைதானே என்று கம்பளி உடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவில் அடுப்பு அணைந்தால் குளிர் எலும்பில் இறங்குகிறது.

கெர் என்ற வட்டக் கூடாரத்தை நெருங்கும்போது கதவைத் தட்டும் பழக்கமில்லை. "நொஹோய் ஹோர்" என்று குரல் கொடுக்க வேண்டும். நாயைப் பிடியுங்கள் என்று பொருள். வாசல் எப்போதும் தெற்குப் பார்த்தது. நிலைப்படியை மிதிக்காமல் வலது காலை உள்ளே வைத்து, விருந்தினர் பக்கமான இடப்புறம் போய் உட்கார வேண்டும். நடுவிலுள்ள இரண்டு தூண்களுக்கு இடையே நடக்கக் கூடாது. தருவதை வலக் கையால் வாங்கி, இடக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். விடுதி அம்மா இதையெல்லாம் எனக்கு இரண்டு முறை நடித்துக் காட்டி அனுப்பியிருந்தார்.

அவர் தங்கை முதலில் தந்தது உப்புப் போட்ட பால் தேநீர். அடுத்து ஐராக், புளித்த குதிரைப்பால். வாசல் அருகே தொங்கிய தோல்பையில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் மத்தைப் பிடித்து நாலு முறை கடைந்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். நானும் கடைந்தேன். மோரைவிடப் புளிப்பு, நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று ஏறுகிறது. அடுப்பில் எரிவது காய்ந்த சாணம், அதன் புகை எனக்குப் பிடித்துப்போனது. சாப்பாடு பெரும்பாலும் ஆட்டிறைச்சி. சைவர்கள் அவலும் பருப்புப் பொடியும் எடுத்துப்போவது நல்லது. ஆரூல் என்ற காய்ந்த தயிர்க்கட்டி எங்கும் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் தின்று நாள் கடத்த முடியாது.

நாதாம் அன்று புல்தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு கிடையாது. என் வயதுப் பையன் ஒருவன் தன்னைப்போல் இரு மடங்கு பருத்தவரைச் சாய்த்தான். தோற்றவர் அவன் கைக்கடியில் குனிந்து போனார். வென்றவன் கழுகுபோல் இரு கைகளையும் விரித்து மெல்ல ஆடினான். இரண்டடி தள்ளி இருந்த எனக்கு அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

குதிரைகளை ஓட்டுகிறவர்கள் ஏழெட்டு, பத்து வயதுக் குழந்தைகள். தலைக்கவசம் அணிந்திருந்தும் எனக்கு வயிறு கலங்கியது. விழும் குழந்தைகள் உண்டு. அந்தப் பழக்கத்தை என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. தொலைவில் புழுதி எழும்பியதும் எல்லோரும் எழுந்தோம். முதலில் வந்த குதிரையின் வியர்வையைத் தொட்டு நெற்றியில் தடவிக்கொள்ளக் கூட்டம் பாய்ந்தது. அதன் எஜமானர் மரத்தகட்டால் விலாவை வழித்துக்கொண்டே இருந்தார். நுரை கலந்த வியர்வை சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுந்தது.

இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயம் முடிந்து வெகுநேரம் கழித்துக் கடைசிக் குட்டி தனியாக வந்தது. யாரும் கலைந்துபோயிருக்கவில்லை. அதற்குப் 'பயன் ஹோதோத்' என்று பெயர், நிறைந்த வயிறு என்று பொருள். பாடகர் முன்னே வந்து அதைப் புகழ்ந்து பாடினார். பிழை உன்னுடையதல்ல, அடுத்த முறை நீதான் முதலில் வருவாய் என்பது பாட்டின் பொருள் என்று பின்னர் சொன்னார்கள். பாட்டு முடியும் வரை குட்டி காதுகளை அசைத்துக்கொண்டு நின்றது. மேலே இருந்த சிறுமி குனிந்து அதன் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.